ஒரு நாள் விட்டு வைத்த சுவர்

"உங்கள் படங்கள் எங்கிருந்து வருகின்றன?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஓவியர் மூன்று பதில்கள் வைத்திருந்தார். பத்திரிகைக்காரர்களிடம் "மௌனத்திலிருந்து" என்பார். கல்லூரியில் பேசக் கூப்பிட்டால் "மறதியிலிருந்து" என்பார். விருந்துகளில் கையில் கோப்பையுடன் நெருங்கி வந்து கேட்பவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மூன்றில் அதற்குத்தான் மவுசு அதிகம். நாலாவதாக ஒரு பதிலும் இருந்தது. அது உண்மையாக இருந்து தொலைத்ததால் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாலாவது பதில், மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பது தொழில். இரண்டு ஆட்கள், இரண்டு ஏணிகள், பின் சீட்டில் வாளி கட்டிய ஒரு ஸ்கூட்டர், இவ்வளவுதான் அவருடைய நிறுவனம். பழைய வீட்டுக்குப் புது வண்ணம் அடிக்கும் முன் சுவரைச் சுரண்ட வேண்டும். ஆணி பிடுங்கிய ஓட்டை, விரிசல், காரை பெயர்ந்த பள்ளம் எல்லாவற்றிலும் பட்டி என்கிற வெள்ளைப் பசையை வைத்துத் தகட்டால் இழுத்துச் சமன்செய்ய வேண்டும். பட்டி பார்ப்பது என்பார்கள். பார்த்து முடித்ததும் காய விட வேண்டும். காய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், அடியில் பழைய பச்சையோ ரோஜா நிறமோ மங்கிக் கிடக்க, மேலே வெள்ளைத் திட்டுகள் சின்னதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிரைமர் அடித்தால் எல்லாம் போச்சு. வீட்டுக்காரர்கள் அந்த நிலையில் சுவரைப் பார்த்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எப்ப முடியும்?" என்று கேட்பார்கள்.

எட்டு வருடத்துக்கு முன், மனைவி தன் அண்ணனிடம் கொடுக்க மறந்துபோன ஒரு சாவியைக் கொடுப்பதற்காக ஓவியர் அப்படி ஒரு வீட்டுக்குப் போனார். அப்போது அவர் நிலைமை ரொம்ப மோசம். பத்து வருடமாகப் பழுப்பு நிறத்தில் வட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வட்டங்களுக்கு முன்னால் நின்று, "மின்விசிறி நல்லா சுத்துதே" என்று பேச்சை மாற்றினார்கள். அன்றைக்கு அந்தக் காலி அறையில் பட்டி பார்த்த சுவரைக் கண்டதும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, எங்கயாவது பிசகா இருக்கா?" என்றார் ஏணி மேலிருந்த மச்சான்.

"இல்ல மச்சான். அழகா இருக்கு."

மச்சான் சுவரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம், சிரிக்கவும் முடியாது. "பட்டிங்க அது," என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

அதற்கப்புறம் ஓவியரின் வேலை முறையே மாறிப்போயிற்று. மச்சான் வேலை செய்யும் வீடுகளுக்குப் போவார். சுவரைப் பல கோணங்களில் போனில் படம் எடுப்பார். டிரேசிங் பேப்பரை ஒட்டித் திட்டுகளின் ஓரங்களைப் பென்சிலால் எடுத்துக்கொள்வார். பிறகு தன் அறையில் கித்தானுக்கு முதலில் சுவர்களுக்கே உரிய அந்தக் களையிழந்த நிறங்களை மூன்று பூச்சு பூசி, தேய்த்து, மறுபடி பூசி, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துப் பார்த்து, வெள்ளையைத் தகட்டால் இழுப்பார். அந்தத் தகடும் மச்சான் கொடுத்ததுதான். இருபது வருடம் புழங்கி ஒரு பக்கம் தேய்ந்துபோன தகடு. "புதுசு கீறும் மாப்பிள்ளை, இது கை பழகினது" என்று கொடுத்தார். ஒரு பேட்டியில் ஓவியர் அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, "இது என் விரலின் நீட்சி" என்றார். யாருடைய விரல் என்று பேட்டி எடுத்தவருக்குத் தெரிய நியாயமில்லை.

படங்கள் பிய்த்துக்கொண்டு போயின. "நினைவின் தீவுகள்" என்று எழுதினார்கள். ஓவியர் மறுக்கவில்லை.

மச்சானோ எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, அது போதும் அவருக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவரை மட்டும் கூடுதலாக ஒரு நாள் பிரைமர் அடிக்காமல் வைப்பார். வீட்டுக்காரர் குதித்தால், "உள்ளுக்குள்ள ஈரம் இருக்கு சார், காயணும்" என்று புளுகுவார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், இந்த ஒரு பொய்யை மட்டும் எட்டு வருடமாகக் கூசாமல் சொல்லிவந்தார். பிறகு போன் வரும். "மாப்பிள்ளை, பட்டி முடிஞ்சுது. நாளைக்கு ஒரு நாள் விட்டு வைக்கிறேன். வந்து பாத்துக்கோங்க."

எல்லாம் தெரிந்த ஒரே ஆள் மனைவிதான். "அந்தப் படமெல்லாம் எங்கேருந்து வருதுன்னு அண்ணன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்பாள். "சொல்றேன்," என்பார். எட்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சானைக் கண்காட்சிக்குக் கூப்பிட்டதும் கிடையாது. போரடிக்கும், பாவம், வேலை நாள், கூட்டம் அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு கிடைத்தது.

இந்தத் தடவை சாக்கு கிடைக்கவில்லை. கண்காட்சிக்கு முன் கூடத்துக்கு வெள்ளை அடிக்க ஆள் தேடினார்கள். மனைவி ஓவியரைக் கேட்காமலே தன் அண்ணனின் எண்ணைக் கொடுத்துவிட்டாள். மச்சான் நாலு நாளில் பால் போல அடித்துக் கொடுத்தார். கடைசி நாள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே, "நான் அடிச்ச சுவர்ல மாப்பிள்ளை படம். வராம இருப்பேனா?" என்றார். ஓவியர் சிரித்து வைத்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் திறப்பு. கலைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான அம்மாள் வந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை எழுதினால் ஒருவர் எழுந்து நிற்கலாம், இன்னொரு வார்த்தை எழுதினால் உட்கார்ந்துவிடலாம். பன்னிரண்டு படங்களையும் சுற்றிவிட்டு மூன்றாவது படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"உங்க பழைய படங்கள்ல கை ரொம்ப யோசிக்கும்," என்றார். "இதுல பாருங்க, இந்தக் கீழ் மூலையில ஒரு வெள்ளை. அதுக்கு அங்க வேலையே இல்ல. ஆனா அதை எடுத்துட்டா மொத்தப் படமும் சரிஞ்சிடும். மூணு வருஷமா உங்க கைக்கு ஒரு துணிச்சல் வந்திருக்கு. எங்கேருந்து வந்துச்சு அது?"

ஓவியர் வழக்கம்போல ஜன்னலைப் பார்க்கத் திரும்பினார். அந்தக் கூடத்தில் ஜன்னல் இல்லை. மின்விளக்குப் பொத்தானைப் பார்த்தார். ஆசிரியரம்மாள் அதையும் மௌனம் என்றே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தார். தேய்த்த சட்டை, கழுத்துவரை பொத்தான், தண்ணீர் தொட்டு வாரிய தலை. நகக்கண்ணில் மட்டும் வெள்ளை போகவில்லை. வந்தவர் முதலில் படங்களைப் பார்க்கவில்லை. சுவரின் மூலைகளைப் பார்த்தார், கையால் தடவித் திருப்திப்பட்டார். அதற்கப்புறம் முதல் படத்தின் முன் நின்றார். இரண்டாவது படத்துக்குப் போனார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்ததைக் கூடத்தின் மறுகோடியிலிருந்து ஓவியர் பார்த்தார்.

மச்சான் நேரே அவரிடம் வந்தார். ரகசியம் பேசுவதாகத்தான் அவர் நினைப்பு. ஆனால் நாள் முழுக்க ஏணி மேலிருந்து கீழே பேசும் தொண்டை, தணித்தாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

"மாப்பிள்ளை, அது டாக்டர் வீட்டு மாடிதானே? அடுத்தது அந்தப் பள்ளிக்கூட ஆபீஸ் ரூம். அப்படியே இருக்கு. இது," என்று மூன்றாவது படத்தைக் காட்டி இன்னும் நெருங்கினார், "அந்த பேங்க்காரர் வீட்டு ஹால். கீழ் மூலையைப் பாருங்க. அங்க ஓட்டையே கிடையாது. சுவர் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க வந்து பாப்பீங்களே, அந்தப் பக்கம் வெறிச்சுன்னு இருக்கேன்னு ஒரு இழுப்பு கூட இழுத்துவிட்டேன். மூணு வருஷமா அப்படித்தான் பண்ணிட்டிருக்கேன். நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஓவியர் கண்டுபிடிக்கவில்லை. ஓட்டைக்கு வைத்த பட்டி எது, தனக்காக இழுத்த பட்டி எது என்று எட்டு வருடம் பழகிய கண்ணுக்குத் தெரியவில்லை. சுவரில் எதேச்சையாக விழுந்ததைத் தன் கண் பொறுக்கி எடுக்கிறது, அந்தக் கண்தான் தன் கலை என்று அவர் தன்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தார். அந்த ஒரு சமாதானத்தையும் போக்கிவிட்டு, மச்சான் நகக்கண்ணில் வெள்ளையோடு எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியரம்மாள் இரண்டடி தள்ளித்தான் நின்றார். எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. திரும்பி, "இவர் யாரு?" என்றார்.

சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. என் மச்சான் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவியின் அண்ணன் என்று சுற்றி வளைத்தாவது சொல்லியிருக்கலாம். ஓவியரின் வாய் தானாகத் திறந்தது.

"இந்தக் கூடத்துக்கு வெள்ளை அடிச்சவர்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதிலிருந்த கேவலம். பொய்யாக இருந்தால் பிறகு மன்னிப்பாவது கேட்கலாம்.

மச்சானின் சிரிப்பு ஒரு கணம் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அடுத்த கணம் அவர் சுதாரித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஏதோ இக்கட்டில் இருக்கிறார், கைகொடுக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆமாங்கம்மா, நான்தான் அடிச்சேன்," என்றார். பிறகு ஓவியரிடம் திரும்பி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, "எங்கயாவது பிசிறு தட்டினா சொல்லி அனுப்புங்க சார். வந்து சரிபண்ணிடறேன்," என்றார்.

சார்.

சொன்னதோடு நிற்கவில்லை. நடிப்பு பத்தாது என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் யாரோ விரல் வைத்திருந்த ஒரு கறையைத் துடைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். எல்லோருக்கும் கொடுத்த பழச்சாற்றை அவர் குடிக்கவில்லை. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு அவருக்காக வந்த தங்கை பாதி வழியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வரும் என்று ஓவியர் காத்திருந்தார். சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தலாம். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க சட்டை தோள்ல கிழிஞ்சுது, ஞாபகம் இருக்கா? அண்ணன் தன் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு, நாள் பூரா துண்டப் போத்திக்கிட்டு நின்னாரு. யாரு கேட்டாலும் புழுக்கமா இருக்குன்னு சொன்னாரு."

"ஞாபகம் இருக்கு."

"அவரு உங்களை இன்னைக்கு சார்னு கூப்பிட்டாரு." கடைசித் துணியையும் மடித்து அடுக்கினாள். "போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார் ஓவியர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேரில் போகத் துணிவு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்திரிகை ஆசிரியரம்மாளே போன் செய்தார். கட்டுரை தயார், ஒன்றிரண்டு தகவல் சரிபார்க்க வேண்டும் என்றார். இதுதான் சமயம் என்று ஓவியர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"ஒண்ணு சொல்லணும். அந்த மூணாவது படத்துல கீழ் மூலை வெள்ளை நான் போட்டது இல்ல. படங்களெல்லாம் சுவர்லேருந்து எடுத்தது. பட்டி பார்த்த சுவர். அதைப் போட்டது..."

மச்சான் என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நின்ற அந்த மனிதர்தான் என்று தெரிந்துபோகும். தெரிந்தால், அன்றைக்கு ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்வி வரும். தொண்டையில் இருந்தது வெளியே வரும்போது வேறாக இருந்தது.

"...தெரிஞ்ச ஒரு பெயின்டர்."

"ரொம்ப அழகா சொல்றீங்க," என்றார் அந்த அம்மாள். "உங்க இடத்துல இருக்கிற யாரும் இவ்வளவு தன்னடக்கமா பேச மாட்டாங்க. இதை அப்படியே போடுறேன்."

"இல்ல, இது தன்னடக்கம் இல்ல, நிஜமாவே..."

"அதான் அழகே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கட்டுரை வந்தது. முழுப் பக்கத்துக்கு மூன்றாவது படம். தெரிந்த பெயின்டர் ஒருவரின் எளிய கைவேலையிலும் காவியத்தைக் காணும் கண் என்று ஓவியரின் கண்ணைப் புகழ்ந்து ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தது. ஒப்புக்கொண்டதற்கும் சேர்த்து அவருக்கே மாலை விழுந்திருந்தது. படித்துவிட்டுக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மனது இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. ஒரு மணி நேரத்துக்குள், "என்ன இருந்தாலும் அச்சில் வந்துவிட்டது, இதைக் கொண்டுபோய்க் காட்டினால் மச்சான் சந்தோஷப்படுவார்" என்று அவரைத் தட்டிக்கொடுத்து நிமிர்ந்து உட்காரவைத்தது.

மச்சானிடமிருந்து போன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கே வேலை என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஓவியர் போனார். இரண்டாம் மாடியில் ஒரு காலி வீடு. கதவு திறந்தே இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். குரலில் ஒரு குறையும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியைத் தட்டி, உட்காரச் சொன்னார். தங்கை சௌக்கியமா என்றார். ஓவியர் பத்திரிகையை நீட்டினார். மச்சான் அந்தப் பத்தியை உதடு அசையப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்று தாளில் கறை படாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "படமும் நல்லா விழுந்திருக்கு."

அது நான்தானே என்று அவர் கேட்கவில்லை. கேட்பார், கேட்டதும் ஆமாம் மச்சான் என்று கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் ஓவியர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். எழுந்து சுவர்களைப் பார்த்தார். நாலு சுவரும் ஒரே வெள்ளை. ஒரு திட்டு இல்லை, ஓர் ஓரம் இல்லை.

"பட்டி பார்க்கலையா மச்சான்?"

"பாத்தாச்சு. இப்பல்லாம் முழுச் சுவருக்கும் ஒரே இழுப்பா இழுத்து உடனே பிரைமர் போட்டுடறேன். வீட்டுக்காரங்களும் சீக்கிரம் முடிங்கறாங்க."

"ஒரு நாள் விட்டு வைப்பீங்களே."

மச்சான் உருளையை வாளியில் தோய்த்தார். "எதுக்கு? பட்டி போட்ட இடம் வெளிய தெரியக் கூடாது. அதானே வேலை." குத்திக்காட்டுகிற குரலாக அது இல்லை. தன் தொழிலைப் பற்றி ஒருவர் சொல்கிற சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது. ஓவியரால் அதைத் தாங்க முடியவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வந்தார். கையில் கதவுக் கைப்பிடிகள் இருந்த அட்டைப் பெட்டி. அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஓவியரின் மேல் பார்வையை நிறுத்தினார்.

"யாரு இது? புது ஆளா?"

ஓவியர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். பழைய பழக்கம்; மாப்பிள்ளைக்குச் சங்கடம் வரக் கூடாது.

"இல்ல சார். தெரிஞ்சவர். சும்மா பாக்க வந்திருக்காரு."

அந்தச் சொல் அச்சில் இருந்த சொல்தான். அது தன்மேல் வந்து விழும்போது எவ்வளவு கனம் என்று ஓவியருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் இவரோட மாப்பிள்ளை," என்றார் சத்தமாக. "இவர் தங்கச்சியத்தான் கட்டியிருக்கேன். இவர் என் மச்சான். நான் போட்ட படமெல்லாம் இவர் கையைப் பாத்துப் போட்டது. எல்லாமே."

"அப்படியா," என்றார் வீட்டுக்காரர். ஒன்றும் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் அவருக்கு நேரமில்லை. பெட்டியை மச்சானிடம் கொடுத்தார். "குளியலறைக் கதவு எப்ப முடியும்?"

"நாளைக்கு முடிஞ்சிடும் சார்."

வீட்டுக்காரர் இறங்கிப் போனார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை, சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகாத இடத்தில் சொல்லி முடித்துவிட்டு ஓவியர் நின்றுகொண்டிருந்தார். மச்சானின் உருளை மேலும் கீழும் போய்வந்தது. ஓவியர் பின்னால் கையை நீட்டிச் சுவரைத் தேடினார்.

"சாயாதீங்க, ஈரம்," என்றார் மச்சான், திரும்பிப் பார்க்காமலே. "சட்டை வீணாயிடும்."

கூடவே மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்வாரென்று ஓவியர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மச்சான் அடுத்த சுவருக்கு ஏணியை நகர்த்திப் போட்டார்.